ஐஸ் பெட்டியில் ஹார்டு டிஸ்க்

ஃப்ரெடியின் லேப்டாப்புக்குள் ஹார்டு டிஸ்க் பல்லி மாதிரி டக் டக்கென்று அடித்துக்கொண்டது. ராயபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கார்குழலிக்கு அது தெரிந்த சத்தம்தான். பத்தில் எட்டு தேறாது.

"உள்ள இன்னாண்ணா கீது?"

ஃப்ரெடி தெருவை ஒருதரம் பார்த்துக்கொண்டான். "பாயிண்டு."

ஏழு வருஷமாக அவனுக்கு மீன் அகப்பட்ட இடங்களின் ஜிபிஎஸ் எண்கள். படகிலிருந்த பழைய கருவி உப்புத்தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. புதியதில் ஒரு எண்ணும் இல்லை. நாளை மீன்பிடித் தடை முடிகிறது. அறுபத்தோரு நாள் சும்மா கிடந்த காசிமேட்டுப் படகெல்லாம் கிளம்பும். எண்கள் இல்லாவிட்டால் அடுத்தவன் படகுக்குப் பின்னால் நாய்க்குட்டி மாதிரி போக வேண்டியதுதான்.

"பேப்பர்ல எழுதி வெக்கலயா?"

"எழுதுனா எவனாச்சும் பாத்துடுவான்ல?"

படகுக்காரன் கூப்பிட்டுச் சோறு போடுவான். பாயிண்டு சொல்ல மாட்டான்.

"சில டிஸ்க்கு சில்லுனு ஆனா கொஞ்ச நேரம் ஓடும்ணா. எங்கிட்ட ஃப்ரிட்ஜ் இல்ல."

ஃப்ரெடி அன்று முதல்முறையாகச் சிரித்தான். "ஐஸா? ஆருகிட்ட கேக்குற?"

அரைமணியில் மனைவி ஹில்டாவோடு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வந்தான். கார்குழலி டிஸ்க்கைக் கழற்றி, ஒயர் மாட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை டேப்பால் சுற்றினாள். மீதியை அவன் பார்த்துக்கொண்டான். அடியில் நொறுக்கிய ஐஸ், பக்கத்தில் ஐஸ், மேலே ஐஸ், ஏற்றுமதி இறால் அடுக்குவது போல.

"கைய உடு தங்கச்சி. இத்த எனக்குக் கத்துத் தராத."

ஒரு மணிநேரம் கழித்து, பெட்டியிலிருந்து எடுக்காமலே ஒயரைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். டிஸ்க் சத்தமில்லாமல் சுழன்றது. திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன.

"ஓடுதுண்ணா! எந்த ஃபைலு? சீக்கிரம்!"

ஃப்ரெடி ஹில்டாவைப் பார்த்தான். "நீ போயி டீ சொல்லிட்டு வா."

"இப்பதான குடிச்ச?"

"அண்ணா, அஞ்சு நிமிஷம் தாங்குனா பெருசு."

"அது... வேற பேர்ல கீது. எவனும் தொறக்காத பேரா பாத்து வெச்சேன்."

டக் என்றது டிஸ்க்.

"சொல்லித் தொலையேன்யா!" என்று கத்தினாள் ஹில்டா.

"மாமியார் போட்டோ!"

கார்குழலி உதட்டைக் கடித்துக்கொண்டு திறந்தாள். உள்ளே ஒரே ஃபைல். இருநூற்றுப் பன்னிரண்டு வரி. இழுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டாள். போட்டுத் திறந்தும் பார்த்துவிட்டாள். எண்கள் முழுசாக இருந்தன. அதன் பிறகு டிஸ்க் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. ஓயட்டும்.

ஃப்ரெடி போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இருய்யா," என்றாள் ஹில்டா. "எங்கம்மா போட்டோவ எவனும் தொறக்க மாட்டானா?"

"பாதுகாப்புக்குடி..."

"உள்ள ஒரு போட்டோகூட இல்லியே?"

கார்குழலி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஹில்டாவின் முறைப்பும் சிரிப்பில் கரைந்தது.

"மொத வலையில வர்ற வஞ்சிரம் எங்கம்மா வூட்டுக்கு. நீயே கொண்டும்போயி குடுக்குற. குடுத்துட்டு, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துகினு வர்ற."

"பத்து எடுக்குறேன்!" என்றான் ஃப்ரெடி.