ஓராள் குப்பை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் குப்பை பொறுக்க ஏழு பேர் சேர்வோம். ஏழில் நான் ஒருத்தி. மற்ற நாளெல்லாம் என்னோடு பேசுவது டிவி மட்டும்தான். அதுவும் நான் சொல்வதைக் காதில் வாங்காது. யார் என்ன நினைத்தாலும் சரி, அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம். யாரோ வீசிய மூட்டையை அப்படியே அள்ளிப் போட மாட்டோம். பிரித்துக் கொட்டி, முகவரி இருக்கிறதா என்று தேடுவோம். கிடைத்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி மூட்டையைத் திருப்பிக் கொடுப்போம். இதில் நான்தான் கெட்டிக்காரி. கூரியர் உறையின் கிழிந்த மூலையை வைத்தே மூன்றாம் மாடிக்காரரைப் பிடித்திருக்கிறேன். ஆறேழு வீட்டு மானம் போனதும் தெரு பளிச்சென்று ஆகிவிட்டது.

வந்தது வினை. எங்கள் தலைவர், வங்கியில் வேலை பார்ப்பவர், போன வாரம் சொன்னார்: "இனிமே பொறுக்க என்ன இருக்கு? அடுத்த வாரமும் இப்படியே இருந்தா நிறுத்திக்கலாம். அவங்கவங்க நிம்மதியா தூங்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், தெரு உண்ட மயக்கத்தில் இருந்தபோது, என் ஒரு வாரக் குப்பையைக் கட்டி மின்கம்பத்தடியில் வைத்தேன். பெயர் இருந்த காகிதங்களை முன்பே எடுத்துவிட்டேன். யார் என்னைப் பிடிப்பது? பிடிக்கிறவளே நான்தானே. வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மூட்டையைப் பார்த்ததும் தலைவரின் முகம் சுண்டிப்போனது. "அக்கா, நீங்களே பிரிங்க."

பிரித்தேன். "ஒண்ணும் அகப்படல," என்றேன்.

எங்களில் ஒருத்தியான மருந்துக்கடைக்காரி விடவில்லை. குனிந்து குச்சியால் கிளறினாள். எல்லாம் என்னிடம் கற்றதுதான்.

"முகவரி இல்லாட்டி என்ன? ஏழு பால் பாக்கெட், எல்லாம் கால் லிட்டர். முட்டை ஓடு ஏழு. பாதி ரொட்டி பூசணம் பிடிச்சுக் கிடக்கு. இது ஒரு ஆளோட குப்பை. தனியா இருக்கிற ஆளு."

பெயரை மட்டும் எடுத்தேனே, மட்டி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டோம் என்று நின்றேன்.

தலைவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். வீடு வீடாக விரல்விட்டு எண்ணினார். என் வீட்டையும் தாண்டிப் போனார்.

"நம்ம தெருவுல தனியா யாரும் இல்லையே. பக்கத்துத் தெரு ஆளாத்தான் இருக்கணும்."

"நான் இருக்கேன்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"சே, உங்கள யாரு சொன்னா அக்கா? உங்க வீட்ல பொண்ணு, மாப்பிள்ளை, பிள்ளைங்கன்னு அஞ்சு பேரு. எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

ஒன்றரை வருஷமாக இந்த மனிதரோடு தோளோடு தோள் நின்று குப்பை பொறுக்கியிருக்கிறேன்.

"அவங்க வெளிநாடு போயி மூணு வருஷமாச்சு," என்றேன். "இது என் குப்பை."

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் தரையைப் பார்த்தார்கள்.

"சரி, இன்னையோட முடிச்சுக்கலாம்," என்று தலைவர் யாரிடமோ சொன்னார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் குனிந்து முட்டை ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.