கதவின் பழைய அளவு

1

முழங்கால் வலிக்காகப் போன இடத்தில் கிடைத்த கதை இது. மற்ற எழுத்தாளர்களுக்கு எங்கெங்கோ கதை உதிக்கிறது. எனக்கு ஒரு பிசியோதெரபி அறையில், மல்லாந்து படுத்து ஒரு காலை அடுத்தவர் கையில் ஒப்படைத்திருந்தபோது கிடைத்தது. வலி தெரியாமல் இருக்க அந்த பிசியோ பெண் பேச்சுக் கொடுப்பார். அப்படிக் கொடுத்த பேச்சில் ஒன்று வலியைவிட மோசமாக இருந்தது.

“இதை எழுதுனீங்கன்னா என்னை ரொம்ப நல்லவளா எழுதிடாதீங்க சார்,” என்றார்.

முயல்கிறேன்.

2

முதல் வரிக்கே முட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று காலை டீச்சரின் வலது பக்கம் மட்டும் விழித்துக்கொள்ள மறுத்து— (பகட்டு. அடித்துவிட்டேன்.)

பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் ரத்தம்— (இதைச் சொல்ல ஆஸ்பத்திரிச் சுவர்களில் படம் மாட்டியிருக்கிறார்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. கணவர் தச்சர். பிள்ளைகள் இல்லை. (முதலில் ஒரு மகளை வைத்து, தொலைபேசியில் அழவிட்டேன். அவளால் கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அனுப்பிவிட்டேன்.)

3

பிசியோ பெண் எல்லோரையும் ஒரே மாதிரி நடக்கவிடமாட்டார். “எங்க நடந்து போகணும்?” என்று முதலில் கேட்பார். அந்த வழிக்குத்தான் பயிற்சி. சிலர் கடைத்தெரு என்பார்கள், சிலர் மகன் வீட்டு மாடி என்பார்கள். டீச்சர் வெகுநேரம் வாயோடு மல்லாடிவிட்டு, “பாத்ரூம்” என்றார். கொஞ்சம் கழித்து, “தனியா.”

அதுவரை தச்சர்தான் அவரைத் தூக்கிப்போய் உட்காரவைத்து, கழுவிவிட்டு, தூக்கிவருவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. டீச்சர்தான் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வாராம்.

“அண்ணே, உங்க வீட்டு அளவு வேணும்,” என்று பிசியோ பெண் கேட்டதும் தச்சர் வீட்டையே அளந்து வந்து கொடுத்தார். பயிற்சி அறைத் தரையில் நாடா ஒட்டினார்கள். இது கட்டில், இது திருப்பம், இது சுவர். குளியலறை வாசலை மட்டும் தச்சர் மரத்திலேயே செய்து கொண்டுவந்து நிறுத்தினார், வீட்டில் இருக்கும் அதே அகலத்தில். தலையைக் குனியக் கூடாது. இடது கையால் கதவு நிலையைப் பிடித்து, வலது காலை இடுப்பிலிருந்து தூக்கிப் போட்டு, பிறகு இடது கால். ஆஸ்பத்திரியிலேயே தங்கி, மாதக்கணக்கில் பிடித்துப் பிடித்து, பார்க்காமலே கை அந்த மரத்தில் போய் உட்காரும் அளவுக்கு டீச்சர் தேறிவிட்டார்.

(கற்றுக்கொடுத்தவரை இந்த இடத்தில் புகழத்தான் வேண்டும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

4

இனி வருவதை எழுத மனமில்லாமல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரி சுத்தமாகிவிட்டது.

டீச்சர் வீடு திரும்புவதற்கு முன்னால் தச்சர் ஒரு காரியம் செய்தார். மாதிரி வாசலைத் தன் கையால் செய்தபோதுதான் அது எவ்வளவு குறுகல் என்று அவருக்கு உறைத்திருந்தது. இவள் ஏன் இதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும்? சுவரை இடித்து வாசலை அகலமாக்கினார். புது நிலை, வழவழவென்று இழைத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றிருந்தார்.

வந்த அன்று மத்தியானமே டீச்சர் எழுந்தார். தச்சர் அடுப்படியில் இருந்தார். கட்டில், திருப்பம், சுவர், எல்லாம் கற்றபடியே நடந்தது. வாசல் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கை அதைக் கேட்கவில்லை, பழகிய இடத்துக்கே போனது. அங்கே மரம் இல்லை.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது பிடித்துக்கொண்டால்தான் எழுந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு.

“எதையும் மாத்தாதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலியே சார். அவர் மாத்துவார்னு எனக்குத் தோணவே இல்ல. நல்லதுதானே நெனச்சார்.”

என் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இங்கே நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன் என்று எழுதலாம். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

5

முடிவுக்கு வருவோம். ஒன்றில் டீச்சர் மறுபடி நடக்கிறார், தச்சர் கண்ணீர் விடுகிறார். எழுதிப் பார்த்தேன், டானிக் விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொன்றில் டீச்சரைச் சாகடித்தேன். அது என் சோம்பேறித்தனம்.

பிசியோ பெண் சொன்னது இவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து டீச்சர் வீட்டுக்குப் போனபோது, தச்சர் அந்த வாசலை மறுபடி பழைய அளவுக்கே அடைத்து வைத்திருந்தார். பூச்சு இன்னும் காயவில்லை.

“இப்போ பழைய மாதிரியேதான் இருக்கும்மா. பிடிச்சுப் பாரு.”

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னை நம்பலியா?” என்றார் தச்சர்.

“நீங்க…” என்றார் டீச்சர். மேலே வார்த்தை வரவில்லை. பிறகு, யாரும் பிடிக்காமல், எழுந்தார்.

சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். தச்சர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போனார். வாசலுக்குச் சற்று முன்னால் டீச்சர் நின்றார். சுவரிலிருந்து கையை எடுத்து, திரும்பாமல், பின்பக்கம் நீட்டினார். பிடித்துக்கொள் என்றா? விலகிப் போ என்றா?

பிசியோ பெண் இதுவரை சொன்னபோது அடுத்த நோயாளி வந்துவிட்டார். மறுமுறை போனபோது கேட்டேன்.

“முழங்காலை மடக்குங்க சார்,” என்றார்.

6

நானே ஊகித்து எழுதிவிடலாம். ஆனால் டீச்சரின் கால் எங்கே விழவேண்டும் என்று ஒருவர் நாடா ஒட்டினார், ஒருவர் சுவரை இடித்தார், இப்போது நான் பேனாவோடு வந்து நிற்கிறேன். அவர்கள் இருவருக்காவது டீச்சரைத் தெரியும். எனக்கு அதுவும் கிடையாது.

அதனால் டீச்சரை நீட்டிய கையோடு அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். நிம்மதியாகக் கிளம்பவில்லை. நீங்கள் வேண்டுமானால் உள்ளே போங்கள். கைகொடுக்கத் தோன்றினால், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரமாகும்.