நேற்றைய சாம்பார்

பசித்துப் போகவில்லை. மெஸ் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போனேன். காலியாகத்தான் இருந்தது. ஹைதராபாத் அமீர்பேட்டில் மெட்ரோ தூணுக்குப் பின்னால், கோச்சிங் சென்டர் போர்டுகளுக்கு நடுவே மாடியேறிப் போகவேண்டிய மெஸ் அது. கொஞ்ச நாள் முன்புவரை படிக்கட்டிலேயே ஆட்கள் நிற்பார்கள். சாப்பிடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் அடுத்தவன் வந்து நின்று, இவன் எப்போது மோருக்கு வருவான் என்று தட்டை எட்டிப் பார்ப்பான். இப்போது ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த மெஸ்காரர் சௌந்தரராஜன் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க அம்மிணி, வாங்க. எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்றார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மனிதர்தான் என் தட்டைத் தூக்கினார். சாம்பார் சாதம் முடித்து, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன். ஏதோ இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஒரு கும்பலாகப் பையன்கள் வந்தார்கள். சௌந்தரராஜன் என் மேஜைக்கு வந்து, "அம்மிணி, அப்படி ஓரமா நின்னுட்டு சாப்பிட்டுக்கறீங்களா, இவங்கெல்லாம் ஒண்ணா உக்காரோணும்ங்கறாங்க" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் எச்சில் தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துத் திண்டில் வைத்தார். என் கை சோற்றோடு அந்தரத்தில் நின்றது. யாரோ ஒருவன் சிரித்தான். எங்கள் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளையை அடிக்கக்கூட மாட்டார்கள். கை கழுவட்டும் என்று காத்திருந்துதான் அடிப்பார்கள். நான் தொட்டியோரம் நின்று, ஆட்கள் வாய் கொப்பளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். தட்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். போகாமல் மோர் வரைக்கும் சாப்பிட்டேன் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எனக்கு ஒரு வலைப்பதிவு உண்டு. பெயர் 'வெளியூர்ச் சோறு'. மதுரையிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்த புதிதில், இங்கே நம் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேடித் தேடி எழுத ஆரம்பித்தது. அகப்பை என்ற புனைபெயரில் எழுதினேன். ஒரு காலத்தில் வாசித்தார்கள், சண்டை போட்டார்கள், நேரில் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார்கள். அப்புறம் எல்லோரும் வீடியோ பார்க்கப் போய்விட்டார்கள். பதிவைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் நானாக மிஞ்சினேன். ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஹர்ஷிதா சித்தூர்க்காரி, தெலுங்கு கலந்த தமிழ் பேசுவாள். கம்பெனிகளின் இணையப் பக்கங்களுக்குப் பார்வையாளர்களைச் சேர்த்துக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். வாரம் தவறாமல் எழுதினேன், பழைய பதிவுகளைத் தூசி தட்டினேன், படங்களைப் பெரிதாக்கினேன், கடைக்குப் போகும் வழியை வரைபடமாகப் போட்டேன். செத்த பாம்பை அடித்த கதைதான்.

"உஷாக்கா, நீ ரொம்ப மஞ்சி அம்மாயியா, நல்ல பொண்ணா எழுதற" என்றாள் ஹர்ஷிதா. "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா யாரு படிப்பா? கோபம் ராவாலி அக்கா, கோபம் வரணும். படிச்சா ஒடம்பு எரியணும்."

எரிகிற உடம்பு என்னிடம் தயாராக இருந்தது. தட்டைத் தூக்கிய கதையை எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். ஒரு பெண்ணை நிற்கவைத்துச் சோறு போட்டான் என்பதற்கெல்லாம் இந்த ஊரில் யாருக்கும் உடம்பு எரியாது, அவரவர் வயிற்றைத் தொட வேண்டும் என்றாள். அப்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. மெஸ்ஸின் பின்வாசலில் சாம்பார் மீந்த பெரிய அண்டாவைத் தட்டு போட்டு மூடுகிற படம், எப்போதோ எடுத்தது. அந்த அண்டா தினமும் மூன்று மணிக்குப் பக்கத்துச் சந்தில் கட்டிட வேலை செய்கிறவர்களுக்குப் போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் தூக்குவாளியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை வெட்டினேன். மேலே 'நேற்றைய சாம்பார், இன்றைய சாப்பாடு' என்று தலைப்புப் போட்டேன். தட்டுக் கதையைக் கடைசிப் பத்தியில் சேர்த்தேன். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்ப்பவள் நான். அங்கே பொய் எழுதினால் வேலை போய்விடும். இங்கே எழுதினேன், கூட்டம் வந்தது.

என்ன கூட்டம்! ஹைதராபாத்தில் இருக்கிற தமிழர் வாட்ஸப் குழு ஒன்று பாக்கியில்லாமல் அது சுற்றியது. குகட்பள்ளிக்காரர் ஒருவர் தனக்கு வயிற்றுப்போக்கு வந்த தேதியைப் பின்னூட்டத்தில் எழுதினார். வேறொருவர் தான் பார்த்தேயிராத கரப்பான் பூச்சியைப் பார்த்ததாக எழுதினார். பழைய பதிவுகளையெல்லாம் தேடிப் படித்தார்கள். அடுத்து எந்தக் கடை என்று கேட்டார்கள். என் வலைப்பதிவு எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டது. தட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் மெஸ்ஸுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதலில் படிக்கட்டு காலியானது. பிறகு ஜன்னலோர மேஜைகள். பிறகு சமையலில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஆள் குறையக் குறைய எனக்கு மரியாதை கூடியது. அப்பளம் கேட்காமலே வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். ஒருநாளாவது என்னை அடையாளம் கண்டு, 'அட, அன்னைக்கு நிக்கவச்ச பொண்ணு இல்ல?' என்று திடுக்கிட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அவருக்கு ஞாபகமே இல்லை. பழிவாங்கியவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், இவர் நெய் ஊற்றட்டுமா என்று கேட்கிறார். இதைவிட அவமானம் வேறு என்ன?

மெஸ் முழுக்கக் காலியான அந்தச் சனிக்கிழமை, பாதிச் சாப்பாட்டில் சௌந்தரராஜன் என் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கையில் அவருடைய ஃபோன். திரையில் என் வலைப்பதிவு.

"அம்மிணி, நீங்க படிச்சவங்க. இதப் பாத்தீங்களா?"

"கேள்விப்பட்டேன்."

"பையன் அனுப்பிச்சான். பதில் எழுதுப்பாங்கறான். எனக்கு எழுத வந்தா கெட்ட வார்த்தைதானுங்க வருது. நீங்க நல்லபடியா நாலு வரி போட்டுக் குடுங்க. இந்த மாசம் பாப்பேன். ஆகலீன்னா கடைய மூடிட்டுப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியதுதான்."

"நான் எதுக்குங்க?"

"நீங்கதானுங்களே இன்னும் வர்றீங்க."

என்னை எனக்கே எதிராக எழுதச் சொல்கிறார். சிரிப்பு வந்தது. எச்சில் கை காயக் காய, அவருடைய ஃபோனிலேயே இடது கைக் கட்டைவிரலால் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மீந்த சாம்பார் எங்கே போகிறது, யார் வாங்கிப் போகிறார்கள், படத்தில் ஏன் அவர்கள் இல்லை என்று கேளுங்கள் என்றெல்லாம் அவர் சொன்னதைவிடத் தெளிவாகவே எழுதினேன். நல்ல பதிலாகத்தான் வந்தது. படிக்கிறவர்கள் அகப்பையைக் காறித் துப்புவார்கள். வலைப்பதிவு வந்த வழியே போகும். மெஸ் பிழைத்துக்கொள்ளும்.

"அப்புறம் கடைசீல என்னமோ தட்டுன்னு எழுதீருக்காங்களே, அதுக்கும் ஒரு வரி போடுங்க. சாப்புட்டுட்டு இருக்கறவங்கள எழுப்பறது எங்க பரம்பரையிலயே கிடையாது, அது சுத்தப் பொய்யின்னு."

விரல் நின்றுவிட்டது. "நெஜமாவா?" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"என்ன அம்மிணி இப்படிக் கேட்டுப்போட்டீங்க. சத்தியமா இல்லீங்க. இத்தனை நாளா வர்றீங்க, நீங்களே சொல்லுங்க, நான் அப்படிச் செய்யற ஆளா?"

முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. உண்மையாகவே நம்புகிறார். என் ரத்தம் மறுபடியும் அந்தத் தொட்டியோரத்துக்குப் போய் நின்றது. நான் எழுதியதில் சாம்பார் பொய், தட்டு உண்மை. அவருடைய பதிலில் சாம்பார் உண்மை, தட்டு பொய். அவர் கேட்ட வரியையும் எழுத்துப் பிசகாமல் எழுதி, கீழே சௌந்தரராஜன் என்று அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

உங்கள் கருத்து வலைப்பதிவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. வசவுகள் வர ஆரம்பித்த வாரத்தில் நானே போட்ட பூட்டு அது.

"எப்பங்க தெரியும்?"

"எழுதினவங்க பாத்துட்டு விடணும்."

"விடுவாங்களா அம்மிணி?"

நான் பதில் சொல்வதற்குள், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த என் ஃபோன் மேஜையில் நடுங்கியது. வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் எடுக்கத் தோன்றவில்லை. அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, நான் புடிச்சுக்கறேன், ஏதாச்சும் முக்கியமா இருக்கப்போவுது" என்று அதை எடுத்து, திரை என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். அடுத்தவர் ஃபோனைப் பார்க்கக் கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே மெட்ரோ போனது. திரையில் அவர் பெயர், நான் எழுதிய முதல் வரி, அதன் கீழே 'வெளியிடு', 'நீக்கு' என்று இரண்டு பொத்தான்கள். என் கைக்கு எட்டும் தூரத்தில், ஆடாமல் அசையாமல், அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.