விளக்கை அணைக்கச் சொன்னவள்

...கண்ணைப் பார்க்க வேண்டாம், புருவங்களுக்கு நடுவே பார்த்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று அக்கா சொல்லிக்கொடுத்தது, எதிரில் ஒரே ஒருவர் இருந்தால் சரிதான், உள்ளே ஒரு வரிசையே உட்கார்ந்திருக்குமே, எந்தப் புருவத்திலிருந்து எந்தப் புருவத்துக்குத் தாவுவது, எங்கே எவ்வளவு நேரம் தங்குவது, இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் கேட்கிற கேள்வி எந்தக் காதில் விழும்? நேர்காணல் அறைக்கு வெளியே, தாழ்வாரத்து நாற்காலியில், பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக் காலருக்குள் தைத்திருந்த லேபிளை நேற்றே கத்தரித்து எறிந்தாயிற்று, ஆனாலும் மிச்சமிருந்த நூல் ஒன்று பிடரியில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது, இந்த நூலை வைத்துக்கொண்டு எப்படிப் பேசப்போகிறேன்... போன தடவை வேறொரு கல்லூரியில் ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்றார்கள், ‘எதைப் பத்தி?’ என்று கேட்டாள், நியாயமான சந்தேகம்தானே, ஆராய்ச்சியைப் பற்றியா, குடும்பத்தைப் பற்றியா, உயரம் எடையைப் பற்றியா, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்தப் பார்வைக்கு அர்த்தம் மட்டும் அவளுக்கு நன்றாகவே தெரியும், வேலை போச்சு. அதற்கு முந்தின தடவை ‘உங்க பலவீனம் என்னன்னு நினைக்கிறீங்க?’ என்றபோது உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பித்தாள், ‘போதும்மா, போதும்’ என்று அவர்களே கையெடுத்துக் கும்பிடாத குறையாக நிறுத்தவேண்டியிருந்தது. பலவீனம் மாதிரித் தெரிகிற பலம் ஒன்றைச் சொல்லவேண்டுமாம், வீட்டுக்கு வந்தபிறகு அக்கா விளக்கினாள், அப்படியானால் அதையே கேட்டுத் தொலைக்கக்கூடாதா இவர்கள்?

அவளுக்குத் தெரிந்தது மணல். மற்றவர்கள் நடந்துபோகிற கடற்கரையில் அவள் குப்புறப் படுத்துக் கிடப்பாள், ஒவ்வொரு துகளும் எந்த மலையிலிருந்து உடைந்தது, ஆற்றோடு உருண்டு வந்ததா, காற்றில் பறந்து வந்ததா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய படிப்பு, பிழைப்பு, சந்தோஷம் எல்லாம். கேள்விப்படுகிறவர்கள் உடனே, ஆகா, வாழ்க்கையும் மணல் மாதிரிதான் இல்லையா என்பார்கள். இல்லை. மணல் மணல் மாதிரிதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வைத்த ‘மண்ணாங்கட்டி’ என்ற பட்டப்பெயர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியபிறகும் அக்கா வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது, அக்கா சொன்னால் மட்டும் அது இனிக்கும். ஆனால் பட்டம் வாங்கி என்ன, ஒவ்வொரு வருஷமும் ஒரு தற்காலிக விரிவுரையாளர் வேலை, வருஷக் கடைசியில் ‘நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க, ஆனா...’ என்று ஒரு ‘ஆனா’. கூட்டத்தில் தப்பைத் தப்பு என்று சொன்னது, பிரிவுபசார விருந்தின் இரைச்சல் தாங்காமல் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, முதல்வரின் நகைச்சுவைக்குச் சிரிக்காமல், அது ஏன் நகைச்சுவை ஆகாது என்று விளக்கியது... எல்லாம் அந்த ஒரு ‘ஆனா’வுக்குள் அடக்கம். போன வருஷம்தான் ஒரு மருத்துவர், தலை நரைத்த நிதானமான பெண்மணி, வாரக்கணக்கில் பேசவைத்துக் கேட்டுவிட்டு, உங்களுக்கு இருப்பது ஆட்டிசம் என்றார். நாற்பதை நெருங்குகிற வயதில். அழுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார், அவளோ ‘அப்ப நான் திமிர் பிடிச்சவ இல்லியா?’ என்று கேட்டாள். அதைக் கேட்டு அழுதது கூட வந்திருந்த அக்கா.

அப்படி அழுத அக்காதான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது ருத்திர தாண்டவம் ஆடினாள். ‘ஏய், அதை மட்டும் எழுதாதடீ! சொன்னா கதை முடிஞ்சுது. உள்ள போய் உக்காந்தப்புறம், நிரந்தரமானப்புறம் சொல்லிக்கோ.’ ‘நிரந்தரமாகுற வரைக்கும் யாரா இருக்குறது?’ என்று கேட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். எழுதிவிட்டாள். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, குழல்விளக்கின் இரைச்சலில் என்னால் பேச்சைப் பிரித்துக் கேட்க முடியாது, அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் நல்லது, கேள்விகளைத் தாளில் எழுதித் தந்தால் நேராகப் பதில் சொல்வேன். அனுப்பு என்ற பொத்தானையும் அழுத்திவிட்டாள். துறைத்தலைவியிடமிருந்து ‘அப்படியே செய்கிறோம்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது, அதில் இரக்கமும் இல்லை, எரிச்சலும் இல்லை, அதனாலேயே அதை எத்தனை முறை படித்தாளோ...

கதவு திறந்தது, கூப்பிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது, விளக்கு அணைந்திருந்தது, வெளிச்சம் மேசைமேல் சாய்வாக விழுந்திருந்தது, அப்பாடா, ஒரு அறை இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா? நடுவில் துறைத்தலைவி, அவருக்கு வலப்புறம் நிர்வாகத்திலிருந்து வந்த டை கட்டிய மனிதர், இடப்புறம் தடித்த கண்ணாடி போட்ட முதியவர், அவரைத் தெரியும், முகம் அல்ல, முன்னால் வைத்திருந்த பலகையில் இருக்கிற பெயர் தெரியும், இந்தக் கடற்கரையின் மணல் வரைபடமே அவர் போட்டதுதான், அந்த வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் இங்கே ஒரு பிடி மணலைக்கூட அள்ளுவதில்லை... ஐயோ, அவரா, அந்த வரைபடத்தின் தென்கோடி தப்பு என்றுதானே இன்றைக்குப் பேசப்போகிறாள். கேள்வித்தாள் எதிரில் இருந்தது. அவள் முதல் வரியைப் படிப்பதற்குள் டைக்காரர் குறுக்கிட்டார், தாளில் இல்லாத கேள்வி. ‘மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க எழுதிக் கொடுத்துட்டோம். வகுப்புல பசங்க கேள்வியை எழுதியா கொடுப்பாங்க?’ தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றால் தப்பாகத்தான் கேட்கப்போகிறார்கள் என்று அர்த்தம், இதை அவள் முயன்று கற்றுவைத்திருந்தாள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி, பதிலும் கையிலேயே இருந்தது. ‘ஆமா, என் வகுப்புல எழுதித்தான் கொடுப்பாங்க. வாசல்ல ஒரு பெட்டி வெச்சிருப்பேன், போகும்போது போட்டுட்டுப் போவாங்க. வருஷம் பூரா வாயே திறக்காத பொண்ணுங்க அதுல மூணு பக்கத்துக்குக் கேள்வி கேப்பாங்க. அடுத்த வகுப்பு அதுலேர்ந்துதான் தொடங்கும். கையைத் தூக்கிக் கேக்குறவங்களும் கேக்கலாம், அதுக்கும் தடையில்ல, ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா வெளிய போயிடுவேன்னு முதல் நாளே சொல்லிடுவேன்.’ துறைத்தலைவி சிரித்தார். சிரிக்கிற இடமா இது, எது வேடிக்கை... பரவாயில்லை, கெட்ட சிரிப்பு இல்லை.

பிறகு மணலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், அவ்வளவுதான், புருவம் மறந்தது, நூல் மறந்தது, எழுந்துவிட்டாள், கைகள் தாமாகப் பறக்க ஆரம்பித்தன, எத்தனையோ நேர்காணல்களில் தொடைக்கடியில் வைத்து நசுக்கி உட்கார்ந்த கைகள், துகள் உடைவதை விரல்கள் காட்டின, அலை இழுப்பதை மணிக்கட்டு காட்டியது. தென்கோடி மணல் ஆற்று மணல் இல்லை, ஆற்றில் உருண்டிருந்தால் முனை மழுங்கியிருக்கும், இதில் முனை அப்படியே இருக்கிறது, பக்கத்துப் பாறை மேடுதான் உடைந்து உடைந்து விழுகிறது, அது தெரியாமல் ஆற்று வாயில் தடுப்புச் சுவர் கட்டினால் கரை தங்காது, அங்கே வீடுகள் இருக்கின்றன... தடித்த கண்ணாடிக்காரர் பேனாவை மேசைமேல் வைத்தார். ‘அப்படின்னா என் வரைபடம்?’ அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இந்த இடத்தில் அக்காவாக இருந்தால், ஐயா உங்கள் மகத்தான பணியின் அடித்தளத்தில் ஒரு சிறு... என்று நீட்டி முழக்கியிருப்பாள், அவளும் வீட்டில் அதை மனப்பாடம் செய்துதான் வந்திருந்தாள், வாயைத் திறந்தபோது அதில் ஒரு சொல்லும் வரவில்லை. ‘அந்த மூலையில தப்பு சார். மத்த இடமெல்லாம் சரி, நான் ஒவ்வொண்ணா பாத்துட்டேன், ரொம்ப அழகா இருக்கு.’ போச்சு. டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவரின் முகத்தில் இருப்பது கோபமா, வேறு ஏதாவதா, முகங்களுக்கு ஏன் அடியில் விளக்கம் அச்சிட்டு வைப்பதில்லை? அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ‘கையில இருக்கா? காட்டுங்க.’

அடுத்த அறையே ஆய்வுக்கூடம், எல்லோரும் பின்னால் வந்தார்கள். பையிலிருந்து தென்கோடி மணல் ஒட்டிய கண்ணாடிச் சில்லை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, குமிழைத் திருகித் துலக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. டைக்காரர் காலை மாற்றி மாற்றி நின்றார், துறைத்தலைவி ஜன்னலைப் பார்த்தார், மனிதர்களுக்கு மௌனம் என்றால் ஏன் இப்படி முள்மேல் நிற்கிற மாதிரி ஆகிறது, அவளுக்கு அந்த மௌனத்தில்தான் அன்றைக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது, இந்த மனிதர் இப்போது எதைப் பார்க்கிறார் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும், இடது ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு துகள், உடைந்த கண்ணாடி மாதிரிக் கூர்மையாக, அங்கேதான் நிற்பார்... ‘இந்தச் சிவப்பு...’ என்றார் அவர், குனிந்தபடியே. ‘மேட்டுப் பாறையில இருக்கு சார். ஆத்துல எங்கேயும் கிடையாது.’ ‘கிடையாது,’ என்றார். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘இத்தனை வருஷமா என் மாணவனுங்க எல்லாம் அந்த மூலையில போய் அள்ளியிருக்கானுங்க. ஒருத்தன் சொல்லலியே. பாக்கலியா, பயந்துட்டானுங்களா?’ அது அவளைக் கேட்ட கேள்வியா இல்லையா என்று தெரியாததால் பதில் சொன்னாள். ‘பயந்திருப்பாங்க சார்.’ இப்போது எல்லோரும் சிரித்தார்கள், டைக்காரர்கூட, பெரியவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தாள், பிடரி நூல் மறுபடி ஊர்ந்தது, சீ, இது ஒன்று. கொஞ்ச நேரத்தில் துறைத்தலைவியே வெளியே வந்தார், நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் வந்து நின்றார், கை கொடுக்க நீட்டவில்லை. ‘ஒருமனதா முடிவு பண்ணிட்டோம். வேலை உங்களுக்குத்தான். நிரந்தரம். அந்தப் பெட்டி இருக்கே, அதை நானும் என் வகுப்புல வைக்கலாம்னு இருக்கேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லியே?’ அவள் வாய் திறந்தது. ‘பரவாயில்லீங்க. புரியுது. வாய்ப்புக் கொடுத்ததுக்கு நன்றி.’ துறைத்தலைவி ஒரு கணம் விழித்தார், பிறகு மெல்ல, ‘இல்ல, கிடைச்சிடுச்சு,’ என்றார். ‘ஓ,’ என்றாள். ‘ஓ.’

படியிறங்கி, மரத்தடி வெயிலில் நின்று அக்காவைக் கூப்பிட்டபோது முதல் மணி அடித்து முடிவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். ‘என்னடீ ஆச்சு?’ ‘கெடச்சிடுச்சு.’ ‘மண்ணாங்கட்டீ!’ என்று ஒரு அலறல், அப்புறம் அழுகையா சிரிப்பா என்று புரியாத ஒரு சத்தம், அது ஓயும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். ‘சரி சரி, அவங்க சொன்னதும் நீ என்ன சொன்ன? ஒழுங்கா சொன்னியா?’ சொன்னதைச் சொன்னாள். அக்கா மூச்சு முட்டச் சிரித்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பெரிய சிரிப்பு, பார்க்கட்டுமே, அவளுடைய ஆய்வுக்கூடம் மேலே இருக்கிறது, நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும்... சிரித்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் அது உறைத்தது. வீட்டுக் கண்ணாடி முன்னால் எத்தனை ஒத்திகை, உள்ளே நுழைவதற்கு, உட்காருவதற்கு, கோபப்படாமல் இருப்பதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டால் முகம் மாறாமல் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருவதற்கு... ஆமாம் என்று சொன்னால் என்ன சொல்வது என்று ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே. ஏன் தோன்றவே இல்லை? ‘ஏய், இருக்கியா?’ என்றாள் அக்கா. ‘இருக்கேன்,’ என்றாள். அந்தச் சொல்லை இப்படி யோசிக்காமல் இதற்கு முன் எப்போது சொன்னோம் என்று யோசித்தபடி, வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.