புது லினக்ஸில் முதல் நோட்டீஸ்

லோஜினி மவுஸை அசைத்ததும் திரை விழித்துக்கொண்டது. முந்தின நாள் காலையிலிருந்து யாரும் அதை அணைக்கவில்லை.

“அக்கா, பதினொரு மணி பஸ்ஸுக்குக் குடுத்தாத்தான் நோட்டீஸ் மஸ்கெலியாவுக்குப் போகும்,” என்றான் தம்பி சுமன், கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டே. “பேசாம ஹட்டன்ல அடிச்சுக்கலாமே?”

“இந்தத் தோட்டத்துல செத்த அத்தன பேருக்கும் அவருதான் அடிச்சாரு. அவருக்கு வெளியில போய் அடிக்கவா?”

கடையின் பின்னறையில் அவள் கணவர் அழகுமுத்துவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில், தேயிலைச் சரிவின் பனிமூட்டத்துக்குள்ளிருந்து தப்பு மேளச் சத்தம் மட்டும் வந்தது. நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, இதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். நாற்காலி இழுபட்ட சத்தம் கேட்டுத்தான் அவள் பின்னாலிருந்து ஓடிவந்தாள். அதற்கு முன் ஒன்பது நாளாகக் கடைப்பக்கமே வரவில்லை. கணவனோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை.

லினக்ஸ்தான் காரணம். அன்றைக்கு அழகுமுத்துதான் பேச்சை எடுத்தார்.

“பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராதாம். புதுசு இந்த மெஷின்ல ஏறாது. அதுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம், சும்மாவே கெடைக்குது லோஜி.”

“செத்தவங்க நோட்டீஸெல்லாம் அதுக்குள்ள இருக்கு. கை வச்சீங்க, அப்புறம் நான் பேச மாட்டேன்.”

“அப்ப ரெண்டு நாளைக்கு நிம்மதி,” என்று சிரித்தார். கையும் வைத்துவிட்டார்.

எந்நேரமும் இரைந்துகொண்டிருந்த மெஷின் இப்போது சத்தமே போடவில்லை. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பழைய நோட்டீஸ்கள் எதுவும் அழியவில்லை. ஒன்றைத் திறந்தாள். பேச்சியம்மாவின் படம் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. அடுத்ததும் அப்படியே. பழைய தமிழ் எழுத்துரு இதில் இல்லை. பன்னிரண்டு வருடத்து முகங்கள் பெயரில்லாமல் ஒவ்வொன்றாக அவளைப் பார்த்தன. சிலரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்கு அவளைத் தெரிந்ததுபோல் இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் சுத்தமான தமிழில் திறந்தது. அழகுமுத்துவின் படம். செவ்வாய்க்கிழமை காலமானார். இறுதிக் கிரியை புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு.

சுமன் இரண்டடி பின்னால் போனான். “யாருக்கா இத அடிச்சது?”

அவள் சேமித்த நேரத்தைப் பார்த்தாள். செவ்வாய், காலை பத்து நாற்பத்திரண்டு. நாற்காலி சத்தம் கேட்டபோது பதினொன்றுகூட ஆகவில்லை.

“தமிழ் சரியா வருதான்னு பாத்திருக்காரு. உசுரோட இருக்கிற மத்தவங்க பேர இதுல போட மாட்டாரு. அதான் அவரு பேரையே…”

அழகுமுத்துவின் அக்கா மீனம்மா பின்னறையிலிருந்து வந்து, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு மணின்னு இன்னைக்குக் காலையிலதானேடி நான் சொன்னேன். நேத்தே அவனுக்கு யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் நாலு மணிக்குத்தானே மதினி எடுக்கிறாங்க,” என்றாள் லோஜினி. சொன்னபின் மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்தாள்.

திருத்த ஒன்றுமில்லை, கடைசி வரியைத் தவிர.

‘அன்னார், ஒன்பது நாளாகப் பேசாத லோஜினியின் அன்புக் கணவர்.’

சிரிப்பு மாதிரி ஏதோ தொண்டைவரை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மீனம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘ஒன்பது நாளாகப் பேசாத’ என்ற மூன்று சொற்களையும் எழுத்தெழுத்தாக அழித்தாள். அவள் பெயர் இடப்பக்கம் நகர்ந்து அந்த இடத்தை அடைத்தது. அவர் வைத்திருந்த இடத்துக்கே பெயர் திரும்பிப் போகும்வரை இடைவெளிப் பொத்தானைத் தட்டினாள்.

“நடுவுல காலியா இருக்குக்கா.”

“இருக்கட்டும்.”

பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் தள்ளத் தொடங்கியது. சுமன் எடுத்து அடுக்கினான். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில், மூன்று சொல் அகலத்துக்கு, வெள்ளையாக இருந்தது.