விளிம்பில் வைத்த விரல்

இம்மானுவேலின் இடது சுண்டுவிரல் லேப்டாப்பின் மூலை விசை ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் உலகம் போய்விடும். வெளியே கம்பெனி பஸ் இரண்டாம் முறையாக ஹார்ன் அடித்தது.

உலகம் என்றால் நாமெல்லாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற இந்த உலகம் இல்லை. அவனும் அவன் மனைவி ஷைனியும் வீடியோ கேமுக்குள் கட்டிய உலகம். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இருவருக்கும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். அவள் விடியுமுன் கிளம்பும்போது அவன் தூங்குவான். அவன் திரும்பும்போது அவள் தூங்குவாள். மதியம் கூட்டு ரோட்டில் இரண்டு பேரின் பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும்போது ஜன்னலில் கை ஆட்டிக்கொள்வார்கள். ஆகவே குடித்தனத்தைக் கேமுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ஷைனி பிளஸ் டூவில் இலவசமாக வாங்கிய லேப்டாப். அதில் ஒரே ஒரு பொம்மை மனிதன். அவனுக்கு ஒரே ஒரு உயிர். காலையில் இவன் பொம்மையை நடத்திச் சுவர் எழுப்புவான். சாயங்காலம் அவள் அந்தச் சுவரில் ஜன்னல் வைப்பாள். பொம்மை செத்தால் கல்யாணமானதிலிருந்து கட்டிய வீடு, தோட்டம் எல்லாம் அழிந்துவிடும். ஒரு உயிர் என்றால்தான் பார்த்து நடப்போம் என்று ஷைனி வைத்த விதி அது.

பார்த்து நடக்காதவன் இவன்தான். காலையில் ஒரு மோட் இறக்கினான். மோட் என்பது யாரோ ஒரு புண்ணியவான் கேமுக்கு வைத்துத் தைக்கிற ஒட்டுத்துணி. இந்த ஒட்டு நிலத்தைப் பெருக்கும். பொம்மை ஏற்கெனவே நடந்த நிலத்தைத் தொடாமல், அதற்கு வெளியே எல்லாவற்றையும் புதிதாகப் படைக்கும். மேடு வரவேண்டிய இடத்தில் மலை, குட்டை வரவேண்டிய இடத்தில் கடல். படைத்து முடிக்கிற வரை அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் ஃபேன்கள் எல்லாம் களைத்துப்போய்ச் சுற்றின. லேப்டாப்பின் முதுகுச் சூட்டிலேயே அவன் யூனிபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான். காலர் மட்டும் கொஞ்சம் மொறுமொறுப்பாக வந்தது.

முடிந்ததும் பார்த்தால், தோட்டம் முடிகிற கோட்டில் கேக்கை வெட்டினது போல் செங்குத்தாக ஒரு மலை. மேகம் அதன் இடுப்பில் கிடந்தது. உச்சியிலிருந்து வீட்டைப் பார்த்து ஷைனிக்குச் சொல்ல வேண்டுமென்று ஏறினான். விளிம்பில் பலகை நீட்டி நுனிக்குப் போன நேரத்தில் பின்னால் மணல் சரிந்து, வந்த வழியை அள்ளிக்கொண்டு போனது. இப்போது பொம்மை அந்தரத்தில், ஒற்றைப் பலகை மேல். அந்த விசையை அழுத்தியிருக்கும் வரை குனிந்து பலகையைப் பற்றியிருக்கும். விட்டால் காற்று தள்ளிவிடும். இந்த மோடில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கவும் முடியாது. வீட்டுக் கட்டிலில் பொம்மை போய்ப் படுத்தால்தான் எதுவும் பதிவாகும். இறங்கும் வித்தை ஷைனிக்குத்தான் தெரியும்.

பஸ் டிரைவர் லோகு உள்ளே வந்தான். "இன்னா இமானு, வெத்தல பாக்கு வெச்சி கூப்டணுமா?"

"விரல எடுத்தா ஊடு பூடும்ண்ணே."

லோகு திரையில் குனிந்தான். "எங்க கீது ஊடு?"

"தோ, கீழ. அந்தப் புள்ளி."

லோகு மணியைப் பார்த்தான். கம்பெனியில் காலை ஷிப்ட்காரன், இவன் போய்க் கை மாற்றாமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. அது இருவருக்கும் தெரியும். "அப்ப அத்தயும் தூக்கினு ஏறு. உன் சம்சாரம் பஸ்ஸு எதுருலதான வரும்."

சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார்கள். பேட்டரி பழசு, நாஷ்டா சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம்தான் தாங்கும். இம்மானுவேல் லேப்டாப்பை மடியில் வைத்து, விரலை எடுக்காமல் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தான். கரடுமுரடான ரோட்டில் முட்டை லோடு ஏற்றினவன் போல லோகு ஓட்டினான். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பேஜாரு நைனா. வுட்டுட்டு வேற ஒண்ணு கட்டிக்க," என்றான் பின்சீட்டுக்காரன்.

"ஊட்ட சொல்றியா, பொண்டாட்டிய சொல்றியா?" என்றான் முன்சீட்டுக்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. பேட்டரியின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. எதிர் பஸ்ஸைக் காணோம். இம்மானுவேலின் விரல் மரத்துப்போய், அது தன்னுடையதுதானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. காற்று பொம்மையை ஆட்டியது.

லாரி ஒன்று விலக, ஷைனியின் பஸ் வந்தது. லோகு லைட்டை அடித்து, ஜன்னலுக்கு ஜன்னல் உரச நிறுத்தினான். வழக்கம்போல் கையாட்ட எழுந்த ஷைனி, மடியில் லேப்டாப்பைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"எங்க மாமா நிக்கிற?"

"மல மேல. பலகையில."

"மல ஏது நமக்கு?"

"இன்னிக்குத்தான் வந்துச்சி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி அவன் விரல் மேல் தன் விரலை வைத்தாள். அந்த வாரத்தில் அவர்கள் தொட்டுக்கொண்டது அப்போதுதான். பின்னால் லாரிகள் அலறின.

"வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன். உருவு."

அவன் விரலை உருவினான். லேப்டாப் ஜன்னல் மாறியது. பஸ்கள் நகர்ந்தன. "பக்கெட்ல தண்ணி கீது," என்று அவன் கத்தியது அவளுக்குக் கேட்டதோ என்னவோ, அவள் தலை குனிந்தே இருந்தது.

கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முழுக்கச் சேதி இல்லை. அவன் சுண்டுவிரல் நிமிரவே இல்லை. சூப்பர்வைசர் கேட்டார்: "கையில இன்னாப்பா?"

"ஊடு சார்," என்றான்.

திரும்பி வந்தபோது ஷைனி தூங்கிக்கொண்டிருந்தாள். திறந்து பார்க்கப் பயந்து அவனும் படுத்துவிட்டான். அவள் கிளம்பிப் போய், விடிந்த பிறகு, லேப்டாப்பைத் திறந்தான். அது இன்னும் சூடாகவே இருந்தது.

வீடு இருந்தது. மேகத்திலிருந்து தோட்டம் வரைக்கும் மலைச் சுவரில் அருவி ஒன்று இறங்கியது. பொம்மையிடம் இருந்த பக்கெட் தண்ணீரைப் பலகையிலிருந்து கொட்டி, பேட்டரி அணையுமுன் அதிலேயே நீந்தி இறங்கியிருக்கிறாள். அருவியைப் பார்த்தாற்போல் ஒரு புது ஜன்னல். உள்ளே பொம்மை கட்டிலில் படுத்துத் தூங்கியது.

இம்மானுவேல் ஒரு விசையையும் தொடவில்லை. தூக்கம் கெடாதபடி மெல்ல மூடி வைத்தான்.