முதல் அடுப்பைப் பற்றவைத்தவள்

சாலவாக்கத்தில் ஆதிலட்சுமியும் சுலோச்சனாவும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனுக்குப் பதினைந்து வருஷம் வேலைக்குப் போனார்கள். இருவரும் கான்ட்ராக்ட் ஆட்கள். வேலை தொழிற்சாலைக்குள்ளே, சம்பளம் கான்ட்ராக்டர் கையால். ஆதிலட்சுமி காய் நறுக்கினாள், அரிசி மூட்டை தூக்கினாள், அண்டா கழுவினாள். சுலோச்சனாவும் முதலில் அதைத்தான் செய்தாள். சமையல்காரர் வராத ஒரு நாளில் அவள் வைத்த காரக்குழம்பை ஒரு மேனேஜர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதிலிருந்து அவள் ஹெட் குக். தலையில் வெள்ளைத் தொப்பி, கொஞ்சம் கூடுதல் சம்பளம்.

அந்தக் குழம்புக்குப் புளி கரைத்து, வெங்காயம் உரித்துக் கொடுத்தவள் ஆதிலட்சுமி. அவள் பெயரை யாரும் கேட்கவில்லை.

அன்று நெஞ்சில் ஏறியது பிறகு இறங்கவே இல்லை. சுலோச்சனா புது மூக்குத்தி போட்டால் ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்காது. சுலோச்சனாவின் மாடு கூடுதலாகக் கறந்தது என்று பால் சொசைட்டியில் யாராவது சொன்னால், தன் மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். வெளியே எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் வருவாள்.

ஐம்பத்தெட்டு வயதானதும் இருவரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். பணிக்கொடை என்று ஒன்று வரவேண்டுமே என்று கேட்டதற்கு, கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வேதகிரி கையை விரித்தான். "நம்ம கான்ட்ராக்ட் கம்பெனி ஆரமிச்சே நாலு வருசம்தான் ஆவுதுக்கா. அஞ்சு வருசம் முடிஞ்சாதான் செட்டில்மெண்ட்டு."

நான்கு வருஷத்துக்கு முன் பெயர்ப்பலகை மாறியது உண்மைதான். முதலாளி மாறவில்லை, அடுப்பு மாறவில்லை, அண்டாகூட மாறவில்லை.

தொழிற்சங்கத்தில் வேலை செய்யும் பிரிஸ்கில்லா என்ற பெண்ணைச் சுலோச்சனா எப்படியோ பிடித்தாள். காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டால் பணத்தை வாங்கிவிடலாம் என்று தெரிந்துகொண்டு நேராக ஆதிலட்சுமி வீட்டுக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்தே போட்டுடலாம், வாடி."

ஆதிலட்சுமி மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். "நீ போ. எனக்கு வேல கீது."

"இன்னா வேல? வர வேண்டிய பணத்த வுட்டுட்டு இன்னா வேல ஒனக்கு?"

"போன்னு சொன்னா போயேன்."

பணம் வேண்டாம் என்றில்லை. பெண்ணின் பிரசவத்துக்கு அடகு வைத்த கம்மல் இன்னும் மீளவில்லை. ஆனால் அந்த மனுவில் சுலோச்சனாவின் பெயருக்குக் கீழே தன் பெயர் வரும். பணம் கிடைத்தால், சுலோச்சனா புண்ணியத்தில் கிடைத்தது என்று தெரு முழுக்கப் பேசும். அதை நினைத்தபோது கம்மல் இல்லாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

சில மாதம் கழித்து, சுலோச்சனாவின் மனு விசாரணைக்கு வரும் சமயத்தில், வேதகிரி பைக்கில் வந்து இறங்கினான்.

"ஒரே ஒரு வார்த்தக்கா. சுலோச்சனா நாலு வருசத்துக்கு முன்னாலதான் வேலைக்குச் சேந்துச்சுன்னு ஆபீசர் கேட்டா சொல்லிடு. ஒன் கணக்க நாங்களே தனியா முடிச்சு வுட்டுடறோம்."

ஆதிலட்சுமி யோசிப்பதுபோல நின்றாள். உண்மையில் அவள் யோசிக்கவில்லை. சுலோச்சனா வெறுங்கையோடு அந்த ஆபீஸ் படி இறங்குவது கண்முன்னால் தெரிந்தது. அது இனித்தது.

"சரி, வரேன்" என்றாள்.

விசாரணை நாளன்று உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினால், அதே பஸ்ஸில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "எனக்காவ வந்தியா? நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள். ஆதிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுலோச்சனா கட்டியிருந்தது புதுப் புடவை. ஆபீஸுக்குப் போக ஒரு புதுப் புடவையா என்று வழி நெடுக அவளுக்குள் அதுதான் ஓடியது.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். முதலில் சுலோச்சனாவைப் பேசச் சொன்னார். பிரிஸ்கில்லா பக்கத்தில் நின்றாள். சுலோச்சனா கைகூப்பிவிட்டு ஆரம்பித்தாள்.

"கேன்டீன் தொறந்த அன்னிக்கே நான் அங்க இருந்தேன் மேடம். மொத அடுப்பப் பத்த வச்சதே நான்தான். அன்னியிலேந்து அந்தக் கேன்டீன நான்தான் பாத்துகினு இருந்தேன்."

ஆதிலட்சுமிக்குக் காது சுட்டது.

அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவங்க சொன்னது உண்மையா?"

"பொய் மேடம்."

கான்ட்ராக்டர் தரப்பில் வந்திருந்த வேதகிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். சுலோச்சனாவின் வாய் திறந்தபடி நின்றது.

"மொத அடுப்பப் பத்த வச்சது நானு. இவ அந்தப் பெரிய பர்னரப் பாத்து பயந்துகினு கதவாண்டயே நின்னா. பத்த வச்சு, பாலக் காச்சி, அல்லாருக்கும் ஊத்திக் குடுத்தது நானு. இவ கிளாஸ் எடுத்து வச்சா, அவ்ளோதான்."

"அப்போ அன்னைக்கு இவங்களும் அங்க இருந்தாங்க?"

"இருந்தா. சும்மா நின்னுகினு இருந்தா."

"அது எந்த வருஷம்?"

"என் பொண்ணு பத்தாவது பரிச்ச எழுதன வருசம். பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இவ லீவு கேட்டாகூட இவ வேலையையும் நான்தான் பாப்பேன். இவளே கேன்டீனப் பாத்துகினாளாம்."

வேதகிரி இருமினான். அதிகாரி எழுதிக்கொண்டே, "கம்பெனி பெயர்ப்பலகை மாறினப்ப வேலை ஏதாவது நின்னுச்சா?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் நிக்கல. பழைய அண்டாவத்தான் நான் வெளக்கிகினு இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று ஆதிலட்சுமிக்கு உறைத்தது. சுலோச்சனாவைக் கவிழ்க்க வந்தவள், அவளுக்கு வேண்டிய சாட்சியை முழுதாகச் சொல்லிவிட்டாள்.

அதிகாரி பேனாவை வைத்தார். "நீங்களும் அத்தனை வருஷம் வேலை செஞ்சிருக்கீங்களே. நீங்க ஏம்மா மனு போடல?"

ஆதிலட்சுமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வெளியே படிக்கட்டில் வேதகிரி வழிமறித்தான். "ஒனக்கு ஒரு பைசா வராது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சுலோச்சனா பின்னாலேயே வந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"எனக்கு எதிராதான் வந்த, இல்ல?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்ன?"

"நான் ஒண்ணும் மாத்திச் சொல்லல. நீ பொய் சொன்ன."

சுலோச்சனா திரும்பிப் பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டு, "இவளுக்கும் ஒரு மனு எழுதும்மா. தனியா எழுது" என்றாள்.

காலம் தாழ்ந்துவிட்டது, தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றாள் பிரிஸ்கில்லா. உண்மைக் காரணத்தை எழுத முடியாது. விவரம் தெரியவில்லை என்று எழுதினார்கள். அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஆதிலட்சுமியின் விசாரணைக்குச் சுலோச்சனா வந்து சாட்சி சொன்னாள். கான்ட்ராக்டர் இழுத்தடித்தான். கடைசியில் இருவருக்கும் தொழிற்சாலையே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுலோச்சனாவுக்குப் பணம் பொங்கலுக்கு முன்னால் வந்தது. ஆதிலட்சுமிக்கு ஆடி பிறந்த பிறகு வந்தது. ஹெட் குக் சம்பளம் என்பதால் சுலோச்சனாவின் தொகை பெரியது. அந்தப் பணத்தில் அவள் வீட்டுக்குத் தளம் போட்டாள்.

பேங்கில் பணம் ஏறியதும் ஆதிலட்சுமி முதலில் கம்மலை மீட்டாள். அதைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகச் சுலோச்சனா வாசலில் போய் நின்றாள்.

சுலோச்சனா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வந்துடுச்சா? எவ்ளோ போட்டான்?"

ஆதிலட்சுமி ஒரு தொகையைச் சொன்னாள். வந்தது அதில்லை. சுலோச்சனாவுக்கு வந்ததைவிட ஐயாயிரம் கூடுதலாகச் சொன்னாள்.

கீரை ஆய்ந்த கை நின்றது. "எனக்கே அவ்ளோ வர்லியே. ஒனக்கு எப்டி?"

"தெர்ல. அவங்க கணக்கு."

சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கீரையில் கை வைத்தாள். பழுத்த இலையையும் நல்ல இலையையும் பிரிக்காமல் சேர்த்தே உருவினாள். அந்த முகத்தை ஆதிலட்சுமி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்திருக்கிறாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதும் இருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான், நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இரண்டு நாள் போகட்டும் என்று சோற்றைப் பிசைந்தாள்.